வெளி ஜோன் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்த புதிதில், வீடியோ கால் வரவில்லை என்று யார் போய் நின்றாலும், "எந்த ஜோன்லேர்ந்து வர்ற கால்?" என்றுதான் முதலில் கேட்பார். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஜோன் என்றால் என்ன தெரியும்? சமையலறையில் அவருக்கு ஜோன்காரர் என்று பெயர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

நான் அங்கே பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். குளிப்பாட்டுவது, புண் கட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் என் பெண்கள் செய்வார்கள். சரியாகச் செய்கிறார்களா என்று நான் பார்ப்பேன். கம்ப்யூட்டர் என் வேலை இல்லை. ஆனால் அவருடைய மெஷின்களை வைக்க வேறு இடம் இல்லாமல் என் துணி அறையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார்கள். அந்த மெஷின்களின் சூட்டில் ஈரத்துணி சீக்கிரம் காய்கிறது என்று சலவைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து தினமும் பஞ்சாயத்துதான்.

"மேட்ரன் அம்மா, என் சர்வர் மேல யாரோ தலையணை உறை காயப் போட்டிருக்காங்க."

"காஞ்சுடுச்சா, பாருப்பா. காஞ்சா மடிச்சு வை."

மடித்தே வைப்பார். மூலைக்கு மூலை சரியாக இருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், பேசும்போது தரையைப் பார்க்கிற வழக்கம். ஒரு வேலையைக் கொடுத்தால் அது முடிகிற வரைக்கும் அதை விட்டு நகர மாட்டார். முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்.

அவர் என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வெளியூரிலிருந்து கூப்பிடுகிற கால் வராவிட்டால் அந்த மாலை முழுவதும் அழுகையை நாங்கள்தான் சமாளிக்க வேண்டும். அவர் துணி அலமாரியின் கதவில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டார்.

"இது நம்ம கட்டடம். உள் ஜோன். இது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம தலைமை அலுவலகம். அவங்களுக்கும் நமக்கும் தனி லைன் இருக்கு. அது பக்கத்து ஜோன். மூணாவது கட்டம் மிச்ச உலகம் மொத்தமும். அது வெளி ஜோன்."

"சரி."

"நமக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல ஃபயர்வால் நிக்குது. உள்ளேர்ந்து வெளிய போறவங்களை விடும். வெளியிலேர்ந்து தானா உள்ள வர்ற யாரையும் விடாது."

"அப்புறம் பிள்ளைங்க எப்படிக் கூப்பிடறாங்க?"

"அதுக்குத்தான் ரெண்டு பெட்டி. ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. உள்ளே இருக்கிற பெட்டி வெளியில இருக்கிற பெட்டியைக் கூப்பிட்டு, லைனை வெக்காம பிடிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து யாரு கூப்பிட்டாலும் அந்த வெளிப்பெட்டியிலதான் வந்து நிப்பாங்க. அது, ஏற்கெனவே திறந்து கிடக்கிற லைன்லயே அவங்களை உள்ள அனுப்பிடும். கதவை எப்பவும் உள்ள இருக்கிறவங்கதான் திறக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. தொற்று உள்ளவர்களை வைக்கிற அறைக்கு நாங்கள் செய்வதும் இதுதான். நடுவில் சின்ன அறை. வெளியில் இருப்பவர் உள்கதவில் கை வைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு நடு அறை வரைக்கும் வரும். உள்ளே இருக்கிற செவிலி கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். அதைச் சொன்னதும், "அதேதான்மா" என்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு சுலபமாகிவிட்டது.

அவருடைய அம்மா எங்களிடமே இருந்தார், கீழ்த்தளத்துக் கடைசி அறையில். சர்க்கரை, குதிகாலில் ஆறாத புண், ஆனால் வாய் மட்டும் நல்ல ஆரோக்கியம். என் பெண்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தது அந்த அம்மாள்தான். என்னை "சூப்பிரண்டு" என்பார். வேலை முடிந்ததும் பெரியவர், அதாவது ஜோன்காரர், அந்த அறைக்குப் போய் அம்மாவின் கால்நகம் வெட்டுவார், தலை வாரிவிடுவார், மாத்திரை டப்பாவைச் சரிபார்ப்பார். பெண்கள் செய்கிற வேலையை ஏன் நீ செய்கிறாய் என்று நான் கேட்டதில்லை. செய்கிறவரைச் செய்ய விடுவது என் வழக்கம்.

அவருடைய மனைவி வேறு ஊரில் பள்ளியில் வேலை பார்த்தார். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். பெண் குழந்தை அவரிடம் வளர்ந்தது. ஏன் இவர் அங்கே போகவில்லை என்றால், எங்கள் இல்லத்தின் விதி அப்படி. உள்ளூரில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். சொந்தப் பிள்ளையாகவோ, கூடப்பிறந்தவராகவோ இருக்க வேண்டும். கூப்பிட்டால் உடனே வந்து நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. உள்ளூரில் யாரும் இல்லை என்றால் படுக்கை இல்லை. அம்மாளோ ஊரை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். ஆகவே இவர் இங்கே, குடும்பம் அங்கே.

தம்பி ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. வருடக்கணக்கில் ஊருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவார். கழுத்து வரைக்கும் இழுத்துவிட்ட தடித்த கோட்டு, பின்னால் வெள்ளைச் சுவர். அம்மாள் அன்றைக்குக் காலையிலேயே சீப்பைத் தேடுவார். "என் சின்னவன் பாக்கப் போறான், நல்ல புடவையாக் கட்டிவிடு" என்று என் பெண்களை விரட்டுவார். தினமும் தலை வாரிவிடுகிற பெரியவர் வரும்போது எந்தப் புடவையில் இருக்கிறோம் என்ற நினைவே இருக்காது. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் அந்தத் தம்பியின் கால் படுமோசமாக இருந்தது. முகம் தெரியும், குரல் வராது. அல்லது அம்மாள் பேசுவது அங்கே கேட்கும், தம்பி பேசுவது இங்கே கேட்காது. அம்மாள் திரையைத் தட்டுவார், அழுவார். ஜோன்காரர் அதற்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஃபயர்வாலில் குரல் போகிற வழி அடைபடுகிறது என்று ஒவ்வொரு வழியாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். தலைமை அலுவலகத்தில் இதே வேலை பார்க்கிற மீசைக்காரர் இவருக்குப் பயிற்சிக் காலத்திலிருந்தே கூட்டாளி. அவரோடு போனில் மணிக்கணக்காகப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. தம்பி பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. பெரியவர் அன்றைக்குச் சலவைப் பெண்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் தன் வேலையைக் கொண்டாடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. மனைவி இருக்கிற ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றில், இதே வேலைக்கு இவரைக் கூப்பிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி போனில் சண்டை போடவில்லையாம். "இந்தத் தடவையும் முடியாதுன்னா சொல்லிடுங்க. நானும் பாப்பாவும் ரெண்டு பேர்தான்னு நினைச்சுப் பழகிக்கறோம்" என்று மட்டும் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

அடுத்த ஞாயிறு நான் அம்மாளின் குதிகாலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பியின் கால் வந்தது. பெரியவர் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"டேய், ஒரு வருஷம். ஒரே வருஷம் நீ வந்து இருடா. நான் போய் அங்க காலூன்றிட்டு, மெதுவா அம்மாவைச் சம்மதிக்க வெச்சு அழைச்சுட்டுப் போயிடறேன்."

"அண்ணா, இங்க நிலைமை உனக்குத் தெரியாது. லீவுன்னு வாயைத் திறந்தாலே வேலை போயிடும்."

"வேலையை விட்டுட்டு வாயேன். இங்க பாத்துக்கலாம்."

"எவ்வளவு சுலபமா சொல்றே. நீ ஊர்லயே உக்காந்திருக்கறவன், உனக்கு என்ன தெரியும்?"

அம்மாள் நடுவில் புகுந்தார். "அவனை ஏன்டா வாட்டறே? கடல் தாண்டிக் கிடக்கறான் பாவம். நீ பக்கத்துல இருக்கே, அது போதாதா எனக்கு?"

பெரியவர் எழுந்து மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தார். அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்.

மாதக் கடைசி நெருங்கியது. முடியாது என்று எழுதிவிடப் போவதாக என்னிடம் சொன்னார். உன் இஷ்டம் என்றேன். வேறென்ன சொல்ல?

அதற்கு முன்பே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

வெளிப்பெட்டிக்கு ஏதோ சான்றிதழ் காலாவதியாகிறது, புதிதாகப் போட வேண்டும், அதற்கு வெளி ஜோனைப் பகல் முழுக்க மூடி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஞாயிறு என்றால் டாக்டர்களின் வீடியோ ஆலோசனை இருக்காது. அதனால் அந்த நாள். அறை அறையாகப் போய், "இன்னிக்கு வெளியிலேர்ந்து எந்தக் காலும் வராது, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லும் வேலை எனக்கு. கடைசி அறையில் அம்மாள் கேட்டுவிட்டு, "சரி சூப்பிரண்டு, நாளைக்கே பேசிக்கறேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பிக்கும் செய்தி அனுப்பிவிட்டதாகப் பெரியவர் சொன்னார். அந்தச் செய்தியைத் தம்பி பார்க்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கடைசி அறையைக் கடந்தபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் தம்பி. அதே கோட்டு, அதே வெள்ளைச் சுவர். அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

துணி அறைக்குப் போனேன். ஜோன்காரர் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வெளி லைனைத் திறந்துட்டியாப்பா?"

"இல்லைம்மா. இன்னும் நேரம் ஆகும்."

"உன் தம்பி பேசிக்கிட்டு இருக்கான்."

"இருக்காதும்மா. பழைய வீடியோ ஏதாவது ஓடும்."

"அம்மா கேள்வி கேக்கறாங்க, அவன் பதில் சொல்றான். பழைய வீடியோ அப்படிச் செய்யுமா?"

அவர் வெளிப்பெட்டியைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. உள்பெட்டியில் அந்த நேரம் நடக்கிற கால்களின் பட்டியலைத் திறந்தார். ஒன்றே ஒன்று இருந்தது. அது வந்த வழியை விரலால் தொட்டுப் படித்தார்.

"பக்கத்து ஜோன்" என்றார்.

நான் அலமாரிக் கதவில் பாதி அழிந்து கிடந்த கட்டங்களைப் பார்த்தேன். பக்கத்து ஜோன் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"தலைமை அலுவலகம், நாலாவது மாடி, கூட்ட அறை மெஷின்" என்று அவரே தொடர்ந்தார். "வெளிநாட்டு விலாசம் மாதிரியே தெரியட்டும்னு பேரை மாத்தற விதி ஒண்ணு போட்டிருக்காங்க. இதை அவன்தான் போட்டிருக்க முடியும்." அவன் என்றது மீசைக்காரரை.

"இத்தனை நாளா நீ இதைப் பாக்கலையா?"

"கெட்டுப்போன காலைத்தான்மா திறந்து பாப்போம். நல்லா நடக்கற காலை யாரு பாப்பாங்க?"

பிறகு எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது. அந்த நிலையில் அவரைத் தனியாக ஓட்டவிட எனக்கு விருப்பமில்லை. இரத்த அழுத்தம் ஏறின மனிதனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வார்டைச் சீனியர் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டேன். என் வயதில் ஸ்கூட்டரில் பாலம் தாண்டுவது இடுப்புக்கு நல்லதில்லை. அவர் சிக்னலில் ஒழுங்காக நின்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காவலாளிக்கு அவரைத் தெரியும். "என்ன சார், நீங்களும் மீட்டிங்கா? உங்க தம்பி மேலதான் இருக்காரு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். வாராவாரம் சொல்கிற பழக்கம் போலிருந்தது.

நாலாவது மாடியில் கூட்ட அறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திறந்தார். ஏ.சி. ஓடவில்லை. உள்ளே அடுப்பங்கரைபோல் புழுக்கம். சுருட்டி வைக்கிற வெள்ளைத் திரையை இறக்கிவிட்டு அதற்கு முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தார். மேலே குளிர்நாட்டுக் கோட்டு, கீழே அரைக்கால் சட்டை, வீட்டுச் செருப்பு. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சுவரில் பெரிய திரையில் அம்மாள், எங்கள் இல்லத்துக் கட்டிலில், நல்ல புடவையில்.

தம்பி திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

ஜோன்காரர் நடந்து போய்த் தம்பிக்குப் பின்னால் நின்றார். கேமராவில் இப்போது அவரும் தெரிந்திருப்பார். நான் திரையில் அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். கடல் தாண்டியிருக்கிற சின்ன மகனுக்குப் பின்னால், உள்ளூரில் இருக்கிற பெரிய மகன் வந்து நிற்கிறான். எந்த அம்மாவும் முதலில் என்ன கேட்பாள்? நீ எப்படிடா அங்கே போனாய் என்றுதானே?

அந்த அம்மாள் அதைக் கேட்கவில்லை.

"அவனைத் திட்டாதேடா" என்றார்.

பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாம்மா தெரியும் உனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

தம்பிதான் பதில் சொன்னார், கோட்டைக் கழற்றிக்கொண்டே.

"அங்க கம்பெனியை மூடிட்டாங்கண்ணா. வந்துட்டேன். வந்த அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான்..."

"வந்து ஊர்லயே இருக்கே."

"பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. கல்யாணமும் ஆயிடுச்சு."

"அம்மாவுக்குக் கல்யாணமும் தெரியுமா?"

"போட்டோ அனுப்பினேன்."

"லைன் நல்லாயிடுச்சேடா. நான் வழியெல்லாம் மாத்தி மாத்திப் பாத்தேனே. அதனாலதான்னு நினைச்சேன்."

தம்பி செருப்பைப் பார்த்தார். "இங்க வந்து உக்காந்தப்புறம் நல்லாயிடுச்சு. மீசை அண்ணன் ரூம் திறந்து குடுத்தாரு."

ஜோன்காரர் போனை எடுத்து மீசைக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. இவர் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"உங்க அம்மா கேட்டாங்கப்பா. பெரியவங்க கெஞ்சிக் கேட்டா என்ன பண்றது? உனக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லையேன்னு நினைச்சேன்."

"நான் போன வாரம் உன்கிட்டதானே அழுதேன்? பொண்டாட்டி இப்படிச் சொல்லிட்டான்னு."

"அழுதே."

"அப்பவும் நீ சொல்லலையே."

"சொல்லிடலாம்னுதான்..."

இவர் போனை வைத்துவிட்டார். திரையில் அம்மாள் இன்னும் இருந்தார். கட்டிலில் இருந்தபடியே அந்த வீடியோ காலை அணைக்க அவருக்குத் தெரியாது. எப்போதும் என் பெண்களில் ஒருத்திதான் அணைப்பாள். ஆகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவர்தான் ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

நான் அந்தத் தம்பியிடம் ஒரே விஷயம் சொன்னேன். "நீங்க உள்ளூர்லதானே இருக்கீங்க. பொறுப்பாளர் கையெழுத்துக்கு நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துடுங்க. அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க." அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க என்ன பார்வை? என்கிட்ட சொல்லுங்க, வருவீங்களா மாட்டீங்களா?" என்றேன். வருகிறேன் என்றார்.

திரும்பி வந்ததும் ஜோன்காரர் முதலில் தன் வேலையை முடித்தார். சான்றிதழைப் போட்டு, வெளி ஜோனைத் திறந்து, ஒரு கால் போட்டுச் சோதித்துப் பார்த்தார். அப்புறம்தான் அம்மாவின் அறைக்குப் போனார். இரவு மாத்திரை கொடுக்கிற வேளை, அதனால் நானும் இருந்தேன். வெளியே போகட்டுமா என்றேன். இருங்கள் என்றார்.

"அவன் பயந்தவன்டா. நீ தாங்குவே" என்று அம்மாள் ஆரம்பித்தார்.

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா. அவன் வந்துட்டான், ஆனா அவனால முடியாது, நீயே பாத்துக்கோன்னு சொல்லியிருந்தா?"

அம்மாள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நிதானமாகக் குடித்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா நீ போயிருப்பே" என்றார். "அவன் இருக்கான்ல, பாத்துக்கட்டும்னு நீ பொண்டாட்டிகிட்ட போயிருப்பே. அவன் என்னைப் பாத்துக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை சிரிச்சுப் பேசுவான், அவ்வளவுதான் அவன். நீ போயிட்டா என்னை யாருடா தூக்குவா?"

"என் பொண்ணுக்கு என்னைத் திரையிலதாம்மா தெரியும்."

"என்னை மட்டும் எவன் நேர்ல வந்து பாத்தான்?"

"நான் தினமும் வந்தேனேம்மா."

என் தொழிலில் நான் பார்த்த விஷயம் இது. நன்றாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளையைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். மற்றவனைப் பிடித்தால் கையில் நிற்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாளின் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் பெரியவரின் மனைவியும் குழந்தையும் எங்கேயும் இல்லை. அதைப் பெரியவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். கத்தவில்லை. அம்மாவின் போர்வையைக் காலோடு சேர்த்து இழுத்துவிட்டார். பிறகு வெளியே போனார். நடைவழியின் கோடி வரைக்கும் போய், குழாயைத் திறந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் தம்பி வந்து கையெழுத்துப் போட்டார். பெரியவர் அன்றைக்கே அந்த ஊருக்கு வருகிறேன் என்று எழுதினார். வேலையை ஏற்றுக்கொள்ள வந்த பெண்ணுக்கு எல்லா ஜோன்களையும் விதிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். மீசைக்காரர் போட்ட அந்த ஒரு விதியை மட்டும் தன் கையால் அழித்தார். மீசைக்காரர் ஒருநாள் நேரில் வந்து துணி அறை வாசலில் நின்றார். "உள்ளே இடமில்லை" என்று ஜோன்காரர் சொன்னார். சலவைப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததால் இடம் உண்மையிலேயே இல்லைதான். ஆனாலும் மீசைக்காரருக்குப் புரிந்தது. போய்விட்டார்.

கிளம்புகிற அன்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார். கால்நகம் வெட்டவில்லை. "நான் போனதும் யாரு என்னைப் பாப்பாங்கன்னு நீ கவலைப்படாதே. மேட்ரன் அம்மா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அம்மாள் அழுதார். அவர் அழுகை முடிகிற வரைக்கும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து எனக்கு எப்போதாவது போன் செய்வார். மகள் முதல் வாரம் அவரை "நீங்க" என்று கூப்பிட்டதாம். இப்போது சண்டை போடுகிறதாம். சண்டை போட ஆரம்பித்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று குரலில் தெரிந்தது. அம்மாவைப் பற்றி அவராகக் கேட்க மாட்டார். நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். சின்னவர் முதல் இரண்டு ஞாயிறு நேரில் வந்தார். பிறகு, வீட்டில் விருந்தாளி, வண்டி ரிப்பேர். பிறகு மறுபடி வீடியோவில்தான் கூப்பிட்டார். இந்த முறை கோட்டு இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளி ஜோன் வழியாக வந்த கால், பழையபடி குரல் விட்டு விட்டு வந்தது. புதிதாக வந்த பெண் அதைச் சரி செய்யத் தன்னால் ஆனதைச் செய்தாள்.

மழை பிடித்த ஒரு காலையில் அம்மாள் குளியலறையில் விழுந்தார். இடது இடுப்பு. காலைத் தொட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பொறுப்பாளரான சின்னவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். பெரியவரைக் கூப்பிட்டேன்.

விழுந்ததைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்மா?"

"இடது."

"நினைவு இருக்கா?"

"இருக்கு. பேசறாங்க. வலி அதிகம்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம். மகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கிறார் போலும்.

"சின்னவனைக் கூப்பிடுங்கம்மா" என்றார்.

"எடுக்கலைப்பா."

"எடுக்கற வரைக்கும் கூப்பிடுங்க. அவன் வீட்டு விலாசம் உங்ககிட்ட இருக்கு. ஆள் அனுப்புங்க. பாலம் தாண்டினா வீடு." நிறுத்தாமல் சொன்னார். "நான் இப்ப கிளம்பினா, எப்பவும் நான்தான் வருவேன்னு எல்லாருக்கும் மறுபடி தெரிஞ்சுடும்."

நான் வற்புறுத்தவில்லை. சமையலறைக்காரரை சைக்கிளில் அனுப்பினேன். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் சின்னவரிடமிருந்து தகவல் இல்லை. அவரை நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும்படி சமையலறைக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைக்கும்போது அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்றிருந்தன.

"பெரியவனுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வர்றானா?"

"இல்லை" என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு என் பெண்களில் ஒருத்தி சொன்னாள். அந்த வீட்டில் பொய்க்குப் பஞ்சமே இல்லை. நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியைத் தூக்கிப் பூட்டிவிட்டு, வண்டியில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.